ஆறாம் படுக்கையின் எண்கள்

மார்ச் 3, திங்கள்

யாரிடமும் பேசக் கூடாது என்றுதான் அந்தத் தாளில் போட்டிருக்கிறது. சொந்த நோட்டில் எழுதக் கூடாது என்று எங்கும் இல்லை. மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன். ஆகவே இன்று முதல் எழுதுகிறேன். என் மனைவி சுகந்தி தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த டைரி சும்மாதான் கிடந்தது. முதல் பக்கத்தில் வேதியியல் மன்றத்தின் புத்தாண்டு வாழ்த்து இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரியில் வேலை போனது. ஆட்குறைப்பு என்றார்கள். ஆறு வருஷம் அந்த மருத்துவக் கருவிக் கம்பெனியில் திரை வடிவமைப்பாளனாக இருந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் உட்காரும் மேசையில் பெரிய திரை ஒன்று இருக்கும். வார்டில் படுத்திருக்கிற எல்லோருடைய நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் மூச்சும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். யாருக்காவது எண்கள் கெட்டால் மணி அடிக்கும். அந்தத் திரையில் எது எங்கே இருக்க வேண்டும், எந்த நிறத்தில் இருக்க வேண்டும், எதைத் தொட்டால் என்ன ஆக வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. கடைசி நாளன்று இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்று ரகசியக் காப்பு ஒப்பந்தம். இன்னொன்று வழக்கமான ஏதோ ஒன்று.

இன்று சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் மருத்துவக் கருவிகள்தான் தொழில். பத்தாம் தேதி வீடியோவில் முதல் சுற்று. இதுவரை செய்த வேலைகளைத் தொகுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். செய்ததெல்லாம் அந்தத் தாளுக்கு அடியில் கிடக்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை தன் உத்தியோகம் ரகசியம் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது என் நிலைமை.

காலிங் பெல் அடிக்கவில்லை என்று சுகந்தி சொன்னாள். பேட்டரி தீர்ந்திருக்கும் என்றேன்.

மார்ச் 5, புதன்

சுகந்தியின் பெரியப்பா மகன் மகுடபதி வக்கீல். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் இறக்கியும் இரண்டு தடவை படித்தார். வாடிக்கையாளரின் பெயர் கூடாது, அங்கே வரைந்த திரைகளின் படம் கூடாது, அவர்களுடைய எண்கள் கூடாது என்றார். என்ன பிரச்சினை, நான் எப்படி யோசித்தேன், என்ன தீர்வு கண்டேன் என்பதைப் பொதுவாகச் சொல்லலாம். படம் காட்டியே ஆக வேண்டுமென்றால் புதிதாக வரைந்து, உள்ளே எல்லாவற்றையும் கற்பனையாகப் போட வேண்டும்.

"மாப்ள, வீடு கட்டின கொத்தனாரு அந்த வீட்டுக்குள்ள போறவன் வர்றவனையெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்ட முடியாது. ஆனா செவுரு எழுப்பத் தெரியும்னு சொல்லிக்கலாம். அந்தக் கை உங்களுது."

வெளியே வரும்போது மனசு லேசாக இருந்தது. பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

காலை பத்து மணிக்கு உட்கார்ந்து மூன்று மணிக்கு முடித்தேன். இல்லாத ஊரில் இல்லாத ஆஸ்பத்திரி. எட்டுப் படுக்கைகள். நோயாளிகளுக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது என் கல்யாணத்தில் தகராறு செய்தவர்களை வரிசையாகப் படுக்க வைத்தேன். பந்தியில் பாயசம் வரவில்லை என்று எழுந்து போன சின்ன மாமனாருக்கு மூன்றாம் படுக்கை. போட்டோவில் தன்னை ஓரத்தில் நிறுத்தினார்கள் என்று இன்றுவரை பேசாத ஒன்றுவிட்ட அண்ணிக்கு ஐந்தாம் படுக்கை. சுகந்தி பள்ளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆறாம் பெட்டுல மட்டும் ஆள் இல்லீங்களே?" என்றாள்.

தகராறு செய்தவர்கள் ஏழு பேர்தான் என்றேன். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. எண்களை மட்டும் கை போட்டுவிட்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

மார்ச் 8, சனி

பக்கத்து வீட்டில் புது வாஷிங் மெஷின். துவைத்து முடித்ததும் மூன்று சுரத்தில் கூவுகிறது. ஜன்னலைச் சாத்தினேன்.

மார்ச் 10, திங்கள்

முதல் சுற்று நன்றாகவே போனது. எதிரில் இருந்தவர் அபிலாஷ், வடிவமைப்புக் குழுவின் தலைவர், முப்பது வயதுகூட இருக்காது. பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், கதையை ஒழுங்காகச் சொன்னேன். ஒரு வார்டில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் மணி அடிக்கிறது. பெரும்பாலும் ஒன்றுமில்லாததற்கு. ஒயர் நழுவினால் அடிக்கும், நோயாளி திரும்பிப் படுத்தால் அடிக்கும். கேட்டுக் கேட்டு நர்ஸ்களுக்குக் காது மரத்துப்போகிறது. நான் ஒரே தொடுதலில் மணியை நிறுத்தும் வசதியைக் கொண்டுவந்தேன். திரையை அமைதியாக்கினேன். மணிச் சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது.

எவ்வளவு சதவீதம் என்று கேட்டார். எண் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம் இருப்பதாகச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் மரியாதை கூடியது. எங்களுடைய ரகசியத்தையும் இப்படித்தானே காப்பீர்கள் என்றார். இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டா ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன்!

பதினேழாம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

தெரியாத எண்ணிலிருந்து போன். கௌசல்யா என்றார். என் திரையை வைத்திருந்த ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். ஜனவரி கடைசியில் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு நான்கு இடங்களில் இன்டர்வியூ போயிருக்கிறாராம். நாலு இடத்திலும் ஒரே கேள்வி, முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று. அவரிடமும் வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆகவே பேசாமல் இருக்கிறார். பேசாமல் இருக்கிற நர்ஸை யார் வேலைக்கு எடுப்பார்கள்? மேல்முறையீடு செய்திருக்கிறார். ஏப்ரல் மூன்றாம் தேதி விசாரணை.

"டெஸ்டிங்குக்கு வந்தப்போ நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேனுங்களே சார். நீங்க நோட்டுல எழுதிக்கிட்டீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

பல ஊர்களில் பல பேர் பல கேள்விகள் கேட்டார்கள் என்று சொன்னேன். அது பொய் இல்லை. சரிங்க சார், தொந்தரவு பண்ணிட்டேன் என்று வைத்துவிட்டார்.

பருப்பு தீய்ந்துபோயிருந்தது. வேறு வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

வெயில் கடுமை. பரணைச் சுத்தம் செய்தேன். தேவையில்லாத சாமான் ஒன்று கண்ணில் பட்டது. திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

நேரில் போன சுற்று. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அபிலாஷுடன் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் ஜெசிந்தா, ஐம்பதுக்கு மேல் இருக்கும். பதினெட்டு வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது இந்தக் கம்பெனிக்கு ஆலோசகர். நான் பேசி முடிக்கும்வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடித்ததும், முதல் படத்துக்குத் திரும்பப் போகச் சொன்னார்.

"ஆறாம் பெட்ல யாரு?"

கற்பனைதான் மேடம், எல்லாமே கற்பனை எண்கள் என்றேன். வக்கீல் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன்.

"மத்த ஏழு பேரும் கற்பனைதான். பார்த்தாலே தெரியுது. எல்லாருக்கும் எழுபத்திரண்டு, தொண்ணூத்தெட்டு. படம் வரையறவங்க போடற நம்பர் இப்படித்தான் அழகா இருக்கும். இவரு அப்படி இல்ல. ஆக்சிஜன் எழுபத்தொண்ணு, நாடி நாற்பத்துநாலு, மூச்சு ஆறு. இந்த மூணும் ஒண்ணா வர்றதைப் பார்த்தவங்களுக்குத்தான் இப்படிப் போட வரும்."

அபிலாஷ் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் படத்துல இருக்கிறவர் செத்துக்கிட்டு இருக்கார் சார். மணி ஏன் நின்னிருக்கு?" என்றார் ஜெசிந்தா.

மூலையில், நான் வைத்த இடத்தில், மணியின் சின்னம் சாம்பல் நிறத்தில் குறுக்குக் கோடு போட்டு இருந்தது. அதையும் நானே வரைந்திருக்கிறேன். வரைந்தது தெரியவில்லை. முந்தைய நிறுவனத்தின் ரகசியம், அதற்கு மேல் நான் பேசக் கூடாது என்று சொன்னேன். போன வாரம் எனக்கு மரியாதை வாங்கிக்கொடுத்த அதே வாக்கியம்.

சரி என்றார். பேனாவை மூடி வைத்தார்.

மார்ச் 18, செவ்வாய்

தூங்கவில்லை. எழுதிவிடுகிறேன், ஊர் பெயரும் நோயாளியின் பெயரும் இல்லாமல்.

டிசம்பரில் ஒரு நாள், பகல் மூன்றே முக்கால் மணி. நாலாம் படுக்கையின் ஒயர் நழுவி மணி அடித்துக்கொண்டே இருந்தது. கௌசல்யா திரையைத் தொட்டு நிறுத்திவிட்டு ஒயரைச் சரி செய்யப் போனார். அவர் நிறுத்தியது நாலாம் படுக்கையின் மணியை என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் ஒரு தொடுதலில் வார்டு முழுவதற்கும் நிற்பது போல நான் வடிவமைத்திருந்தேன். நின்றிருக்கிறது என்பதற்கு அடையாளம் மூலையில் உள்ள சாம்பல் நிறச் சின்னம். சிவப்பாகப் போட்டால் திரையின் அமைதி கெடும் என்று சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அந்த நிறத்துக்காகக் கம்பெனியில் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

அடுத்த பதினோரு நிமிஷம் ஆறாம் படுக்கையின் எண்கள் இறங்கிக்கொண்டே போயின. அவை எல்லோர் கண் முன்னாலும் இருந்தன. அவர்களுக்குச் சத்தம்தான் பழக்கம், சத்தம் வரவில்லை.

முதல் விசாரணையின்போது அந்தப் பதினோரு நிமிஷத்தையும் நிமிஷத்துக்கு ஒரு வரியாக அச்சடித்து மேசையில் வைத்திருந்தார்கள். நான் ஒரு முறைதான் பார்த்தேன். மூன்று நாற்பத்தொன்பதுக்கு எதிரே இருந்தது: 71, 44, 6.

கற்பனையாகப் போடுங்கள் என்றார் வக்கீல். போட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மார்ச் 20, வியாழன்

ஜெசிந்தா மேடம் போன் செய்தார். அழைப்பு வராது என்று இருந்தேன். என்னை அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். திங்கட்கிழமை டைரக்டருடன் கடைசிச் சுற்று. டைரக்டர் நிறமும் வடிவமும்தான் பார்ப்பார், ஆறாம் படுக்கையைப் பார்க்க மாட்டார், தானும் மறுபடி கேட்கப்போவதில்லை என்றார். நோயாளிகளின் ரகசியத்தைப் பதினெட்டு வருஷம் காப்பாற்றியவர், ஒருவர் ரகசியம் என்று சொன்னால் அதை மதிக்கிறவர். அதைத் தானே சொல்லிவிட்டு, இதையும் சொன்னார்.

"அந்த ரகசியம் யாரைக் காப்பாத்துதுன்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்குங்க. அப்புறம், அந்த நம்பரை மாத்திடுங்க சார். இன்னொரு நர்ஸ் அதைப் பார்க்க வேண்டாம்."

மார்ச் 21, வெள்ளி

மாற்றினேன். ஆக்சிஜன் 97, நாடி 78, மூச்சு 16. மணியின் சின்னத்தைப் பச்சையாக்கினேன். ஆறாம் படுக்கைக்காரர் பிழைத்துக்கொண்டார். மூன்று கட்டம், அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சுகந்தி பள்ளியில் இருந்தாள். வீட்டில் யாரும் இல்லாதபோது எதற்குக் குழாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

கடைசிச் சுற்று முடிந்தது. டைரக்டர் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தார். ஜெசிந்தா மேடம் முதல் படம் வந்தபோது திரையைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 26, புதன்

வேலை கிடைத்துவிட்டது. ஏப்ரல் ஏழாம் தேதி சேர வேண்டும். சுகந்திக்கு மெசேஜ் அனுப்பினேன். மதிய இடைவேளையில் போன் செய்து, வரும்போது மைசூர்பா வாங்கி வருவதாகச் சொன்னாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷத்தைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

கடிதத்தோடு சேரும் நாளில் கையெழுத்துப் போட வேண்டிய படிவங்களையும் அனுப்பியிருக்கிறார்கள். ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாம் உண்டு. கடைசித் தாளில் ஒரே ஒரு வாக்கியம். "முன்பு பணிபுரிந்த நிறுவனத்தின் ஆவணமோ குறிப்போ எதுவும் என்னிடம் இல்லை என உறுதி அளிக்கிறேன்." அவர்களுக்கும் வழக்கு வம்பு வேண்டாம் அல்லவா.

பரணில் இருக்கிறது. பழுப்பு அட்டை போட்ட சோதனை நோட்டு. கம்பெனியில் ஒப்படைத்திருக்க வேண்டும். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தேன்.

தோட்டத்தில் வைத்துக் கொளுத்தினால் ஐந்து நிமிஷ வேலை. நாளைக்குச் சுகந்தி போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 27, வியாழன்

கொளுத்தவில்லை. விளக்கேற்றத் தீப்பெட்டியைத் தேடி சுகந்திதான் அலமாரியின் இழுப்பறையைத் திறந்தாள். அங்கே நான் கழற்றி வைத்த காலிங் பெல் பேட்டரி இருந்தது. தன் மேசைக் கடிகாரத்தில் போட்டுப் பார்த்தாள். ஓடியது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

குக்கரை நான் விசில் வருமுன் அணைப்பது, போனை எப்போதும் சத்தமில்லாமல் வைத்திருப்பது, பக்கத்து வீட்டு மெஷினுக்கு ஜன்னலைச் சாத்துவது, எல்லாவற்றையும் அவள் ஜனவரியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் ஒருவன்தான் சாமர்த்தியமாக இருப்பதாக நினைத்திருக்கிறேன். முழுவதையும் சொன்னேன். மூன்றாம் தேதியன்று இந்த டைரியில், இரண்டாவது தாள் வழக்கமான ஏதோ ஒன்று என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய்தான் எழுத வந்திருக்கிறது.

அந்தத் தாளில் இருந்தது இது. "சோதனைக் காலத்தில் மணியின் நிலையை அறிவது குறித்து எந்தப் பணியாளரும் எந்தக் கேள்வியும் எழுப்பவில்லை." கீழே என் கையெழுத்து. போட்டால் நல்லபடியாக விடைபெறலாம், சான்றிதழ் கொடுப்போம் என்றார்கள். போட்டேன். அதை வைத்துத்தான் திரையில் குறை இல்லை, நர்ஸின் கவனக்குறைவு என்று முடிவு செய்தார்கள்.

சுகந்தி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசுங்க?" என்று கேட்டாள். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும் என்றேன். விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே சொன்னாள்.

"நீங்க வேலையில சேருங்க, சேராமப் போங்க, அது உங்க இஷ்டம். அந்தப் புள்ள அடுத்த இன்டர்வியூவுல போய்த் தலையைக் குனியறதுக்குள்ள அவகிட்டச் சொல்லிடுங்க."

மைசூர்பா டப்பா பிரிக்காமல் இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

காலையில் மகுடபதியிடம் போனேன். இந்தத் தடவை இரண்டாவது தாளையும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆஸ்பத்திரியே நியமித்த விசாரணையில் போய்ச் சொல்வது வெளியாளிடம் சொன்னதாகாது என்றார். நோட்டு கம்பெனியின் பொருள்தான், ஆனால் விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். எதையும் அழிக்கக் கூடாது. பழைய கம்பெனி சும்மா இருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது, பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கு என்ன வரும் என்றும் சொல்ல முடியாது. எது வந்தாலும் என்னோடு நிற்பதாகச் சொன்னார். இந்தத் தடவை மாப்ள என்று கூப்பிடவில்லை.

மதியம் கௌசல்யாவுக்குப் போன் செய்தேன். நீங்கள் கேட்டீர்கள், நான் எழுதிக்கொண்டேன், நோட்டு என்னிடம் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். இந்த நான்கையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"மூணு மாசமா நான் என்னையவே நம்பலீங்க சார்," என்றார். "கேட்ட மாதிரி நானா நெனச்சுக்கிட்டேனோன்னு. எங்கம்மாகிட்டக்கூட, நான் கேக்கலைம்மா, என்மேலதான் தப்புன்னு சொல்லிட்டேனுங்க."

என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. மூன்றாம் தேதி பத்தரை மணிக்கு என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 29, சனி

காலிங் பெல்லில் பேட்டரியைப் போட்டேன். பால்காரர் அடித்தபோது உடம்பு தூக்கிப்போட்டது. கழற்றவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஜெசிந்தா மேடத்திடம் சொல்லாமல் சேருவது சரியில்லை என்று போன் செய்தேன். பெயர், ஊர் எதுவும் சொல்லவில்லை. நாளை ஓரிடத்தில் ஒரு நோட்டைக் கொடுக்கப்போகிறேன், முன்பு பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன், ஆறாம் படுக்கையின் எண்கள் கற்பனை இல்லை என்று சொன்னேன். இது டைரக்டருக்குத் தெரிய வேண்டும் என்றும் சொன்னேன். தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஏழாம் தேதி அப்படியே இருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். வைக்கும் முன், நோட்டை நனையாமல் கொண்டுபோங்க என்றார். மழைக்காலம் இல்லை. ஆனாலும் பாலித்தீன் பையில் சுற்றினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

முதல் பஸ்ஸில் போனேன். நோட்டு மடியிலேயே இருந்தது.

விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற டாக்டர் அம்மா ஒருவர். சின்ன அறை, ஐந்து நாற்காலிகள். கௌசல்யா சுவரோரமாகத் தன் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், வணக்கம் சொல்லவில்லை. என் பழைய கம்பெனியின் ஆள் ஒருவரும் இருந்தார். ஜனவரி வரை மதியம் என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அக்டோபர் பதினான்கு. இடப்பக்கம் கேட்டவர் பெயரும் கேள்வியும், வலப்பக்கம் அதற்கு நான் செய்தது என்ன என்பதும் எழுதுவது என் வழக்கம். டாக்டர் அம்மா இடப்பக்கத்தை வாய்விட்டுப் படித்தார்.

"கௌசல்யா, நர்ஸ். நிறுத்தினது எந்தப் படுக்கையோட மணின்னு எப்படித் தெரியும்? சாம்பல் கலரு கண்ணுக்கே தெரியலியே."

படித்துவிட்டு எதிர்ப்பக்கத்துக்குப் போனார். அங்கே ஒன்றும் இல்லை. மற்ற எல்லாக் கேள்விக்கும் ஏதாவது எழுதியிருந்தேன். பொத்தானைப் பெரிதாக்கினேன், எழுத்தைத் தடிப்பாக்கினேன் என்று. இதற்கு மட்டும் காலி. திரையை ஒப்படைக்க நான்கு நாள்தான் இருந்தது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது.

"இதுக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். என் முந்தைய கையெழுத்து பொய் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். நோட்டுக்கு ரசீது கொடுத்தார்.

கௌசல்யாவின் அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். கௌசல்யா எழுந்து வந்து அந்தப் பக்கத்தைத் தானும் பார்க்கலாமா என்று கேட்டார். டாக்டர் அம்மா திருப்பிக் காட்டினார். தன் பெயருக்குக் கீழே விரலை வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் போல, மெதுவாக முழுவதையும் படித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

முடிவு சொல்ல மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நான் தனியாக பஸ் ஏறினேன்.

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்பது மணிக்கெல்லாம் சரவணம்பட்டி வந்துவிட்டேன். வரவேற்பறையில் இருந்த பெண் படிவங்களைக் கொடுத்து, நிரப்பிவிட்டுக் காத்திருங்கள், டைரக்டர் உங்களை முதலில் பார்க்க வேண்டுமாம் என்றார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இதை இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

யாருக்கோ லிஃப்ட் வந்து நிற்கும்போது மூன்று சுரத்தில் ஒரு சத்தம். ஒவ்வொரு முறையும் மூலையைப் பார்க்கிறேன். இனி எங்கே வேலை பார்த்தாலும் பார்ப்பேன் என்று தோன்றுகிறது.

ரத்த வகை எழுதினேன். அவசரத்துக்குச் சுகந்தியின் பெயரை எழுதினேன். கடைசித் தாள் வந்தது. முன்பு பணிபுரிந்த நிறுவனத்தின் ஆவணமோ குறிப்போ எதுவும் என்னிடம் இல்லை.

இந்த வருஷம் கம்பெனிகள் நீட்டி நான் கையெழுத்துப் போடும் மூன்றாவது தாள் இது. முதல் தாள் பேசாதே என்றது. இரண்டாவது தாளில் பொய் சொன்னேன். இதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். உண்மைதான். கையெழுத்துப் போட்டேன்.

என்னைக் கூப்பிடுகிறார்கள்.